கோஸ்தான் என்று கத்தியவன் நான்

பேய், காத்து, கருப்பு என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து டீ வாங்கப் போய்விடுகிற ஆள் நான். கிள்ளானில் ஒரு லோரி யார்டில் இருபது வருடத்துக்கு மேல் சூப்பர்வைசர் வேலை. எங்கள் டிரைவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும், டோல் தாண்டி லிஃப்ட் கேட்ட பெண், கண்ணாடியில் மட்டும் தெரிந்த கிழவர் என்று. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நேத்து எத்தனை மணி நேரம்டா தூங்கின?" என்று ஒரு கேள்விதான் கேட்பேன், கதை அங்கேயே முடிந்துவிடும். இப்போது நான் சொல்வதைக் கேட்டு நீங்களும் அதே கேள்வியைக் கேட்டால் எனக்குக் கோபம் வராது. பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். நன்றாகத் தூங்கியிருந்தேன், தண்ணி கிண்ணி எதுவும் இல்லை, நடந்தது பட்டப்பகல் ஒரு மணிக்கு.

என் தம்பி சேகர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறான். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். அதுவும் கியர் வண்டி சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். "இடது கால்தான் டிரைவர், வலது கால் வெறும் கூலி" என்பது அவனுடைய முதல் பாடம். ஆட்டோ லைசென்ஸ் போதும் என்று வருகிற பிள்ளைகளை, "உனக்கு எதுக்குமா ஸ்கூலு, லிஃப்டுல ஏறத் தெரிஞ்சா போதும்லா" என்று கிண்டல் செய்வான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நானும் அவனும் ஒரு பழைய நாலு சக்கர டிரைவ் வண்டியை எடுத்துக்கொண்டு அம்பாங் மலைக்கு அந்தப் பக்கம், மரம் வெட்டுகிறவர்கள் ஒரு காலத்தில் போட்டுவிட்டுப் போன மண் பாதைகளில் ஏறி இறங்குவோம். என் மனைவிக்கு இது பைத்தியக்கார வேலை. அவள் சொன்னதில் தப்பும் இல்லை.

அந்தப் பாதைகளில் ஆட்டோ நல்லதா, கியர் நல்லதா என்ற சண்டை ஓயவே ஓயாது. நாங்கள் இருவரும் கியர் கட்சி, அதற்கு ஒரு காரணம் இருந்தது. செங்குத்தான மேட்டில் பாதியில் எஞ்சின் நின்றுவிட்டது என்று வையுங்கள். பழைய கியர் வண்டியாக இருந்தால் பயமே வேண்டாம். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கிளச்சை மிதித்து ரிவர்ஸ் போட வேண்டும். எங்கள் ஊரில் ரிவர்ஸ் என்று எவனும் சொல்ல மாட்டான், அது கோஸ்தான்தான், சீனன் மலாய்க்காரன் தமிழன் எல்லோருக்கும் அதே வார்த்தை. கோஸ்தானைப் போட்டதும் கிளச்சை முழுக்க விட்டுவிட்டு, பிரேக்கிலிருந்தும் காலை எடுத்துவிட்டு, சாவியைத் திருப்பினால் போதும். கியர் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், எஞ்சினும் ஓடத் தொடங்கும், வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்னால் இறங்கும். "கோஸ்தான் போடு, சாவியத் திருப்பு." இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே சேகர்தான்.

ஆட்டோ வண்டியில் இதைச் செய்தால் சாவு. எஞ்சின் நின்ற ஆட்டோவில் கோஸ்தானைப் போட்டாலும் எதைப் போட்டாலும் சக்கரம் சும்மா உருளும். சாவியும் வேலை செய்யாது, பார்க்கிங்கிலோ நியூட்ரலிலோ இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். பிரேக்கை மட்டும் விடவே கூடாது. இந்த ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் சேகருக்குச் சர்க்கரை முற்றி இடது காலில் மறுபடியும் புண் வந்தது. இந்தத் தடவை அவன் யாரிடமும் சொல்லவில்லை, பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து. காய்ச்சலில் நினைவு தப்பிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்றார்கள். அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. நான்தான் கையெழுத்துப் போட்டேன். அதோடு இன்னொரு தாளையும் நீட்டினார்கள், எடுத்த காலைக் குடும்பம் வாங்கிக்கொள்கிறதா, அல்லது ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளலாமா என்று. வாங்கிக்கொண்டுபோய் மயானத்தில் புதைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதுதான் முறை என்று பக்கத்தில் நின்ற ஒரு ஆன்டிகூட சொன்னார். என் தம்பியின் காலை ஒரு பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடக்க என்னால் முடியவில்லை. ஆஸ்பத்திரியே பார்க்கட்டும் என்று அதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து வாந்தி எடுத்தேன்.

நினைவு வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "கால் எங்கண்ணே?"

"மயானத்துல புதைச்சு, கற்பூரம் ஏத்திட்டு வந்தேன்டா" என்றேன். பொய். எந்த இடம் என்று காட்டச் சொல்லி இரண்டு தடவை கேட்டான், இரண்டு தடவையும் வேலை இருக்கிறது என்று தட்டிக்கழித்தேன். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. என்னோடு பேசுவதையும் எட்டு மாதம் நிறுத்திவிட்டான். வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதற்காக என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள் அவனே போன் அடித்தான். பழைய வண்டியை விற்றுவிட்டு ஆட்டோ பிக்கப் ஒன்று வாங்கிவிட்டானாம். "லிஃப்டுல போறவன் ஆயிட்டேன்ணே. ஞாயித்துக்கிழமை வா, மேல போலாம்." அவன் கூப்பிட்டதே போதும் என்று கிளம்பிவிட்டேன்.

எங்களுக்கு முன்னால் லாரன்ஸ் தன்னுடைய வண்டியில் போனார். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், சேகரின் பழைய கூட்டாளி, வார்த்தையை எண்ணிப் பேசுகிறவர். சேகர் ஓட்டினான், நான் இடது பக்கத்து சீட்டில். ஓட்டும்போது செயற்கைக் கால் இடிக்கிறது என்று கழற்றிப் பின்சீட்டில் போட்டிருந்தான். இடது பேண்ட்டை முழங்கால் வரைக்கும் மடித்து ஊக்கு குத்தியிருந்தான். நான் அந்தப் பக்கம் பார்க்காமலே பேசிக்கொண்டு வந்தேன், அது அவனுக்கும் தெரிந்தது.

ஒரு ஆற்றைக் கடந்ததும் வந்த மேடுதான் அந்த இடம். செம்மண், முந்தின நாள் மழை. இடது பக்கம் காடு, வலது பக்கம் நேராகப் பள்ளம், கீழே கல்லும் தண்ணீரும். நாங்கள் ஏறி வந்த பாதை பின்னால் ஒரு வளைவில் திரும்புகிறது, அதில் திரும்பாமல் நேராகப் பின்னால் உருண்டால் பள்ளம்தான். லாரன்ஸ் ஏறி மேலே நின்று கையைக் காட்டினார். நாங்கள் முக்கால்வாசி ஏறியிருப்போம், எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. ஆற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கும் போல.

சேகர் பிரேக்கை அழுத்திப் பிடித்தான். எஞ்சின் நின்றால் பிரேக் கல்லாக இறுகிவிடும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஹேண்ட்பிரேக்கையும் இழுத்தான். அப்படியும் சேற்றில் வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது. அவனுடைய வலது தொடை வெடவெடவென்று நடுங்கியது. அந்த நேரத்தில் இது ஆட்டோ என்பது எனக்குச் சுத்தமாக மறந்துபோனது. இருபது வருடப் பழக்கம் வாயைத் திறந்துகொண்டது.

"கோஸ்தான் போடு, சாவியத் திருப்பு" என்று கத்தினேன்.

அவனும் அதே பள்ளிக்கூடம்தானே. யோசிக்கவே இல்லை. கோஸ்தானை இழுத்துப் போட்டான், ஹேண்ட்பிரேக்கை விட்டான், பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். வண்டி தடாலென்று பின்னால் உருளத் தொடங்கிய பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. இவன் காலை எடுக்கவும் நான்தான் சொன்னேன், இவன் சாவதற்கும் நான்தான் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். அந்த ஒரு நொடியில் இது முழுசாக மனதில் ஓடியது, சத்தியமாக.

நம்பினால் நம்புங்கள். அவனுடைய இடது தொடை கீழே இறங்கியதைப் பார்த்தேன். பதறித் துள்ளவில்லை. கிளச் மிதிக்கிறவன் தொடை எப்படி இறங்குமோ அப்படி, நிதானமாக, ஏதோ ஒன்றின் மேல் பாரம் வைத்து. மடித்துக் குத்திய பேண்ட்டுக்குக் கீழே ஒன்றும் கிடையாது, வெறும் காற்று. தொடை அங்கே நின்றது, பிறகு மெதுவாக மேலே வந்தது. அது மேலே வர வர வண்டி ஒரு குலுக்கு குலுக்கிப் பிடித்துக்கொண்டது. அவன் சாவியைத் திருப்பினான். எஞ்சின் ஓடியது.

கோஸ்தானில். ஆட்டோ வண்டி.

அதற்குப் பிறகு வண்டி முனகிக்கொண்டே குழந்தை தவழ்கிற வேகத்தில் பின்னால் இறங்கியது. அவனுடைய வலது கால் பிரேக்கில் இல்லை, ஓரமாகத் தரையில் வைத்திருந்தான், நான் பார்த்தேன். கண்ணாடியைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்பி, வளைவில் சரியாக ஒடித்து, ஆற்றங்கரை வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினான். லாரன்ஸ் மேலிருந்து நடந்தே இறங்கி வந்தார். வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார், கியர் கம்பியைப் பார்த்தார். "சேகரு, கியர் வண்டியா வாங்குன? ஆட்டோன்னுதானே சொன்ன" என்றார். வண்டி கியரில் பிடித்து இறங்கியதை மேலிருந்து பார்த்தவர் அவர்.

சேகர் குனிந்து தன் முழங்காலுக்குக் கீழே, ஒன்றும் இல்லாத இடத்தைத் தடவிக்கொண்டிருந்தான். "கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சுண்ணே" என்றான். "ரொம்ப நாள் கழிச்சு கிளச் மிதிச்சா பிடிக்கும்ல, அந்த மாதிரி."

கிள்ளானில் எனக்குத் தெரிந்த பொமன் ஒருவர், வண்டி ரிப்பேரில் கைதேர்ந்தவர். அடுத்த நாளே அவரிடம் கொண்டுபோனோம். முழுக்கதையும் சொல்லவில்லை, கோஸ்தானில் ஸ்டார்ட் ஆனது என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு கோஸ்தானில் போட்டுச் சாவியைத் திருப்பினார். டிக் என்ற சத்தம்கூட இல்லை. பத்துப் பதினைந்து தடவை திருப்பினார். அடியில் படுத்து ஒயரையெல்லாம் பார்த்தார். "Boss, எல்லாம் சரியா இருக்கு. இது ஸ்டார்ட் ஆகாது, ஆகக்கூடாதுன்னுதான் அப்படி செஞ்சிருக்கான். பயத்துல நீங்க நியூட்ரல்ல போட்டிருப்பீங்க." போட்டிருக்கலாம். ஆனால் நியூட்ரலில் இருந்தால் வண்டி நிற்காமல் உருண்டிருக்குமே, இப்போது உங்களோடு பேசிக்கொண்டிருக்க நான் இருக்க மாட்டேனே. இதை அவரிடமும் சொன்னேன், அவர் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

பொமன் கடை வாசலிலேயே, வண்டிக்குள் உட்கார்ந்து, சேகரிடம் உண்மையைச் சொன்னேன். மயானத்துக்குப் போகவில்லை, கற்பூரம் ஏற்றவில்லை, காலை வாங்கவே இல்லை, பயந்துகொண்டு ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டேன் என்று. சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். ஐம்பத்தொரு வயது ஆள், ரோட்டோரத்தில்.

"தெரியும்ணே" என்றான். "நர்ஸக்கா அன்னைக்கே சொல்லிட்டாங்க. வெட்டச் சொன்னதுக்கு எனக்குக் கோவமே இல்ல. புதைச்சேன்னு சொன்ன பாரு, அதுக்குத்தான் எட்டு மாசம்."

நான் தலையைத் தூக்கவில்லை. அவன் என் முதுகைத் தட்டினான். "விடுண்ணே. அந்தக் காலுக்கு உன்மேல கோவம் இருந்திருந்தா, நேத்து ரெண்டு பேரையும் பள்ளத்துல விட்டிருக்கும்லா."

அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் இருந்தேன். பயம் என்று பெரிதாக எதுவும் எனக்குள் மிச்சமில்லை, சொல்லப்போனால் மனதில் ஒரு பாரம் இறங்கியிருந்தது. மறுபடியும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாகப் போக ஆரம்பித்தோம். அவன் ஓட்ட, நான் பக்கத்தில்.

போன மாதம் பூச்சோங்கில் ஒரு கடையில் பிக்கப்பைக் கழுவ விட்டோம். சேகர் எதிர்க்கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தான். கழுவுகிற ஆள் டிரைவர் பக்கத்து ரப்பர் மேட்டை உருவிச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, வெயிலில் தூக்கிப் பிடித்து என்னைக் கூப்பிட்டார்.

"அங்கிள், இந்த வண்டிய யாரு செருப்பில்லாம ஓட்டுறது?"

கெட்டியான மேட். சேகர் வண்டி வாங்கியபோது புதிதாகப் போட்டது. ஆட்டோ வண்டியில் இடது பக்கம் மிதிக்க ஒன்றும் கிடையாது, சேகரும் செயற்கைக் காலைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுகிறான். அந்த இடது பக்கத்தில், குதிகால் படுகிற இடத்தில் ரப்பர் வழவழவென்று தேய்ந்து குழிந்திருந்தது. அதற்கு மேலே, மேட் சரிவாக மேலே ஏறுகிற இடத்தில் விரல் தடங்கள். பெருவிரல் படுகிற இடம் தேய்ந்திருந்தது. அதற்கடுத்து ஒரு விரல் அகலத்துக்கு ரப்பரின் கோடுகள் புதிது மாதிரி அப்படியே இருந்தன. பிறகு மூன்று விரல்கள்.

காலை எடுப்பதற்கு ஐந்து மாதம் முன்னால், பெருவிரலுக்குப் பக்கத்து விரலை மட்டும்தான் அவனுக்கு முதலில் எடுத்திருந்தார்கள்.

"அப்படியே போட்டுடுங்க தம்பி" என்றேன். சேகரிடம் இதைச் சொல்லவில்லை. அவன் டீயை முடித்துவிட்டு வந்து ஏறி, செயற்கைக் காலைக் கழற்றிப் பின்னால் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றிலிருந்து அவன் ஸ்டார்ட் செய்யும்போது நான் கீழே பார்ப்பதில்லை.