ஒரே முகவரியில் இரண்டு மொட்டை

இன்று திருத்தணி மலையில் நைனா மொட்டை போடப் போனார். வெளியே காத்திருந்த நான் கைபேசிச் செயலியில் நெட்வொர்க் பாடத்தின் தேர்வை எழுதினேன். ஒரு விடை தவறினாலும் பாடம் முதலிலிருந்து.

கடைசிக் கேள்வி: "ஒரே நெட்வொர்க்கில் இரண்டு கருவிகளுக்கு ஒரே முகவரி இருந்தால் என்ன ஆகும்?"

விடை தேடி நிமிர்ந்தேன்.

பக்கத்தில் ஓர் அக்கா தன் அத்தானை நோக்கி, "பாவா, இன்னா பண்ணிகினு கீற? வா!" என்று கத்தினார். சந்தனம் பூசிய இரண்டு மொட்டைகள் ஒரே நேரத்தில், "ஆங், வந்துட்டேன்" என்று திரும்பின.

'குழப்பம்' என்ற விடையைத் தொட்டேன். சரி!

துள்ளி ஓடி நைனாவின் கையைப் பிடித்தேன். "நைனா, நான் பாஸ்!"

"ரொம்ப சந்தோஷம் பாப்பா. உங்க நைனா அங்க சிரிச்சிகினு நிக்கிறாரு பாரு" என்றார் அந்த மொட்டை.

செய்முறைத் தேர்வில் நான் பெயில். உங்கள் வீட்டு மொட்டையை நீங்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?