ஏழுமலை 'இல்லை' என்று போட்ட பலகை

ஏழுமலை இறந்த செய்தி செவ்வாய்க்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது. "நம்ம ஏழுமலை போயிட்டாராம். விடிகாலையில நெஞ்சு வலியாம்" என்று முன் இருக்கையில் பேசிக்கொண்டார்கள். நான் நம்பவில்லை. முந்தின நாள் மாலைதான் முதுகுப் பையோடு கேட்டைத் தாண்டிப் போனவருக்குத் தூரத்திலிருந்து கையாட்டினேன். அவரும் ஆட்டினார்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் அவர் கான்ட்ராக்ட் சூப்பர்வைசர். நான் பாதுகாப்புப் பிரிவில் பெர்மனென்ட். ஆட்கள் ஏறும் இரும்புச் சாரத்தை அவர் மாலையில் சோதித்து, டேப் என்கிற தொடுதிரைக் கருவியில் பதிவார். மறுநாள் காலை அந்த அறிக்கையைப் பார்த்து, நானும் ஏறிச் சோதித்த பிறகே அனுமதி தர வேண்டும்.

அவர் டேப்பிலும் என் டேப்பிலும் அதே நாற்பது கேள்விகள். 'நேற்றைய பதில்களையே எடு' என்று ஒரு பொத்தானும் உண்டு. அதை அழுத்தினால் டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். ஏழுமலை அதைத் தொடவே மாட்டார். ஒவ்வொரு பலகையிலும் ஏறிக் குதித்துப் பார்த்துவிட்டுத்தான் 'ஆம்' போடுவார். "பலகைக்குப் பூஜை முடிஞ்சுதா?" என்று சீண்டுவேன்.

"கேள்வி கேக்கறது டேப்பு, பதில் சொல்ல வேண்டியது பலகைங்க. நடுவுல நாம எதுக்கு சார் வாயத் தொறக்கணும்?" என்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் அறிக்கை வந்திருக்கவில்லை. எட்டுப் பேர் ஏறக் காத்திருந்தார்கள். அவருடைய சாவுக்குப் போகும் அவசரத்தில், சாரத்தின் பக்கமே போகாமல், நான் என் டேப்பில் அந்தப் பொத்தானை அழுத்தி அனுமதி கொடுத்தேன். பிறகு மாலை வாங்கிக்கொண்டு அவர் ஊருக்குப் போனேன். அவர் இடத்துக்கு ஆள் வராத அடுத்த இரண்டு காலையும் அதே பொத்தான்தான்.

வியாழக்கிழமை அவர் மனைவி செல்வி அந்தப் பையோடு ஆபீசுக்கு வந்தார். "கம்பெனி பொருளுங்க, வூட்ல எதுக்கு?" என்று டேப்பை நீட்டினார். வாங்கி உயிர்ப்பித்தேன். வேலையிடத்தில் சிக்னல் கிடையாது. ஆபீசுக்குள் வந்தால்தான் அறிக்கை போகும். சற்று நேரத்தில் மேஜைமேல் இருந்த என் டேப் மணியடித்தது. 'ஏழுமலை அறிக்கை அனுப்பியுள்ளார்.' அதைத் திறந்தேன்.

முப்பத்தொன்பது 'ஆம்'. மூன்றாம் அடுக்கு, கிழக்கு ஓரப் பலகை கட்டப்பட்டுள்ளதா? 'இல்லை.' கீழே ஒரு படம். அவருடைய பூட்ஸ் கால் பலகையின் ஒரு முனையை மிதிக்க, மறுமுனை தூக்கிக்கொண்டு நின்றது.

ஓடினேன். எல்லோரையும் இறக்கிவிட்டு நானே ஏறி மிதித்தேன். படத்தில் இருந்தபடியே தூக்கியது. இரண்டு நாளாக எட்டுப் பேர் அதன்மேல் நடந்திருக்கிறார்கள். ஒருவரும் விழாதது எப்படி என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

திரும்பி வந்தபோது செல்வி அங்கேயே உட்கார்ந்திருந்தார். "அன்னைக்கு வீட்டுக்கு வந்து ஏதாவது சொன்னாராம்மா?" என்றேன்.

"ஒடம்பு முடியல, ரிப்போர்ட் அனுப்பாம வந்துட்டேன், ஒரு பலகை சரியில்லன்னு பொலம்பிகினே இருந்தாருங்க. சாருக்கு ஒரு போனப் போடுங்கன்னேன். வேணாம், என் ரிப்போர்ட் வராம சார் யாரையும் ஏத்த மாட்டாருன்னுட்டுப் படுத்துட்டாருங்க."

இப்போது தினமும் அந்தக் கிழக்கு ஓரத்தில் ஏறிக் குதிக்கிறேன். குதிக்கும்போதெல்லாம் பக்கத்தில் இன்னொரு கால் இருப்பதுபோல் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் படமும், என்மேல் அவர் வைத்திருந்த நம்பிக்கையும்தான். செல்வியிடம் அன்று நான் வாய் திறக்கவில்லை. இதோ, இங்கே சொல்லிவிட்டேன் அம்மா. நான் ஏற்றினேன்.