கிருஷ்ணகுமாரியின் அரை மணித்தியாலம்

சேர்வரின் கடிகாரத்தைத் திருத்திய பிறகும் கிருஷ்ணகுமாரி விசைப்பலகையில் இருந்து கையை எடுக்கமாட்டாள். திரையின் வலது மூலையில் தெரியும் சின்ன எண்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் கைத்தொலைபேசி திரை வெளிச்சத்தோடு கிடக்கும், அதிலும் நேரம். இரண்டிலும் ஒன்றாக நிமிடம் மாறினால் மூச்சு விடுவாள். உடனே, "எதுக்கும் இன்னொருக்கா பாத்துருவோம்" என்று அடுத்த நிமிடத்துக்கும் காத்திருப்பாள்.

எங்கள் தோட்டம் கரவனெல்லைக்கு மேலே, றப்பர் மரங்களுக்குள் இருக்கிறது. தோட்டத்து அலுவலகமான கந்தோரில் கம்பியூட்டர் என்று பெயர் வைத்த எதற்கும் அவள்தான் பொறுப்பு. வயது முப்பத்துநான்கு. அவளுடைய பதவிப் பெயர் நீளமானது. அது யாருக்கும் ஞாபகம் இல்லை. 'கம்பியூட்டர் புள்ள' என்றால் எல்லாருக்கும் தெரியும். நான் இங்குள்ள பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். வினாத்தாள் பிரதி எடுக்க வாரத்தில் மூன்று நாளாவது அவளிடம் போய் நிற்பேன்.

அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. சோற்றுப் பெட்டியை ஜன்னல் விளிம்பில் வைத்து, மலையைப் பார்த்தபடி நின்றே சாப்பிடுவாள். மண் வெடிக்கிற வெயிலிலும் கையில் குடை இருக்கும். கந்தோர்த் தொலைபேசி அரை நாள் அடிக்காமல் இருந்தால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. தானே யாருக்காவது எடுத்து, "ஒண்ணுமில்ல, ரிங் போகுதான்னு பாத்தேன், வச்சிருங்க" என்பாள். இப்படி எனக்கே நாலைந்து தடவை அழைப்பு வந்திருக்கிறது. அவளுடைய கணவன் சதீஸ் லொறி ஓட்டுகிறவன். "டீச்சர், இவ நித்திரையிலயும் கதவு பூட்டிருக்கான்னு கேக்குறா" என்று என்னிடம் ஒருநாள் முறையிட்டான்.

அவளுடைய பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மலை உச்சியில் மழையை அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எவ்வளவு மழை, எந்த நேரத்தில் பெய்தது என்று அது சேர்வருக்குச் சொல்லும். சேர்வர் அதைக் கூட்டிக்கொண்டே வரும். ஒரு நாளில் நூறு மில்லிமீற்றர் தாண்டினால் கந்தோர்க் கூரையில் உள்ள சைரன் தானாக அலறும். அப்போது கீழ் லயத்தில் உள்ளவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும். கீழ் லயத்தில் ஒரே வரிசையாக, ஒட்டி ஒட்டி இருபத்திரண்டு வீடு. வீடுகளின் முதுகை ஒட்டியே செங்குத்தாக மண்மேடு. அந்த இருபத்திரண்டில் ஒன்று கிருஷ்ணகுமாரியின் வீடு. பத்து வயதிலும் ஏழு வயதிலும் அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

ஐப்பசியில் ஒரு மாலை மின்னல் அடித்துக் கந்தோரின் ரூட்டர் எரிந்துபோனது. புதிதாக ஒன்று மாட்டினார்கள். அன்றிலிருந்துதான் சேர்வரின் நேரம் பிசகத் தொடங்கியது. திருத்தி வைத்தால் இரண்டு மூன்று மணி நேரம் சரியாக ஓடும். பிறகு பார்த்தால் அரை மணித்தியாலம் பிந்தியிருக்கும்.

அரை மணி பிந்தினால் என்ன கெட்டுவிடும் என்று நான் கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"மலையில இருக்கிற கருவிக்கு நேரம் சரி டீச்சர். அது ரெண்டு மணிக்கு மழைன்னு சொல்லுது. சேர்வர்ல மணி இன்னும் ஒண்ணரைதான். அப்ப இது என்னா நெனைக்கும்? ரெண்டு மணி இன்னும் வரவே இல்லையே, இது பிழையான கணக்குன்னு தள்ளி வச்சிரும். வெளியில கொட்டோ கொட்டுன்னு கொட்டும், உள்ள பூச்சியம் காட்டும். சைரன் வாயத் தொறக்காது."

சேர்வரைப் பராமரிப்பது கொழும்பில் உள்ள ஒரு நிறுவனம். உள் அமைப்புகளை மாற்றும் கடவுச்சொல் அவர்களிடம் மட்டுமே உண்டு; இவளால் கடிகாரத்தைத் திருத்தலாம், அவ்வளவுதான். அவர்கள் தொலைபேசியில், "பெட்டரி போயிருக்கும் மிஸ், மாத்துங்க" என்றார்கள். லீவு போட்டு பஸ் ஏறிக் கேகாலைக்குப் போய் பெட்டரி வாங்கி வந்து மாற்றினாள். மறுநாளும் அரை மணி பிந்தியது.

"பெட்டரி பழுதுன்னா இன்னைக்கு பத்து நிமிசம், நாளைக்கு ஒரு மணின்னு ஏறுமாறாத்தானே போகணும்? இது எப்பவும் அச்சொட்டா அரை மணி. பழுதான சாமான் இப்படி ஒழுங்கா பிழை விடாது டீச்சர். எதுவோ இதுக்கு பிழையா சொல்லிக் குடுக்குது."

சொல்லிக் கொடுப்பது எது என்று தேடினாள். தோட்ட மனேஜர் பெரியதுரையின் கம்பியூட்டர், சம்பளப் பிரிவுக் கம்பியூட்டர், விரல் அடையாளம் வைக்கும் பெட்டி, ஸ்டோரில் றப்பர் பால் நிறுக்கும் பழைய கம்பியூட்டர் என்று ஒவ்வொன்றின் முன்னாலும் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாமே சரியான நேரம் காட்டின. அந்த மூன்று வாரத்தில் அவள் கன்னம் ஒட்டிப்போனது. மணிக்கொரு தடவை வந்து திருத்துவாள். கந்தோர் பூட்டியிருக்கும் இரவுகளில் பிள்ளைகளைச் சட்டை, சப்பாத்தோடு படுக்கவைத்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சைரனைக் கையாலும் அடிக்கலாம். முந்தைய மாதம் ஒருநாள் அப்படி அடித்தும் இருக்கிறாள். சனம் பால் வெட்டை விட்டுவிட்டு ஓடிவந்தது. மழை பத்து நிமிடத்தில் நின்று வெயில் அடித்தது. அன்றிலிருந்து உதவி மனேஜரான சின்னதுரை, "திரையில் நம்பர் இல்லாமல் கை வைக்கக் கூடாது" என்று சொல்லியிருந்தார். லயத்திலும் பகிடி பண்ணிச் சிரித்தார்கள்.

அந்த வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நான் கந்தோருக்குப் போனபோது மழை தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மலையே தெரியவில்லை. கிருஷ்ணகுமாரி நேரத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். என் கண் முன்னால் திரும்பவும் அரை மணி பின்னே போனது. மறுபடி திருத்தினாள். மறுபடி போனது.

"என்ன இது, உடனே உடனே போகுது?"

"நேத்து கொழும்புல இருந்து ஒண்ணு செஞ்சாங்க டீச்சர். 'சேர்வர் இனி ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா நேரம் கேக்கும் மிஸ், பிரச்சினை வராது'ன்னாங்க. இப்ப ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா பிழையா கேட்டுக்கிட்டு இருக்கு." பேசியபடியே மறுபடி திருத்தினாள். "அவங்க போனும் எடுக்கிறாங்க இல்ல. இதோட வயர புடுங்கினா மலையில இருந்து வர்ற கணக்கும் நின்னுரும்."

திரையில் முப்பத்தொன்று என்று இருந்தது. அது காலைக் கணக்கு. கந்தோர் முற்றத்தில் மழை அளக்க வைத்த கண்ணாடிக் குழாயில் நாற்பது தாண்டியிருந்தது. மலை உச்சியில் எப்போதும் இதைவிட இரண்டு மடங்கு பெய்யும். சின்னதுரைக்கு அழைத்தாள். அவர் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. "ஹரி சேர்" என்று சிங்களத்தில் சரி சொல்லி வைத்துவிட்டு, மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கீழ் லயத்துச் சின்னம்மா என்ற பெண் நனைந்தபடி உள்ளே வந்தார். நெஞ்சோடு அணைத்திருந்த பொலித்தீன் பைக்குள் மகளின் சாதகம்.

"புள்ள, இத ஒரு கொப்பி எடுத்துத் தா. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பணும். இந்தத் துண்டையும் சேத்து எடு. பழைய சாதகம் எழுதுனவரு அரை மணி கழிக்காம எழுதிப்புட்டாராம். ஐயர் ஏசுறாரு."

"கொஞ்சம் பொறுங்க அக்கா" என்ற கிருஷ்ணகுமாரி சட்டென்று திரும்பினாள். "என்னா அரை மணி?"

"எம்மக ரெண்டாயிரத்தி நாலுல பொறந்தாள்ல. அப்ப புது நேரமாம். அந்தக் காலத்துல பொறந்த புள்ளைங்களுக்கு அரை மணி கழிச்சித்தான் கணிக்கணுமாம்."

எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு பத்து வருடம் நாட்டின் கடிகாரங்களையெல்லாம் அரை மணி முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். இரண்டாயிரத்து ஆறு சித்திரையில் திரும்பவும் பின்னே எடுத்தார்கள். கிருஷ்ணகுமாரி அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஸ்டோர்ல பால் நிறுக்கிற கம்பியூட்டர். அது ரெண்டாயிரத்தி மூணுல வாங்கினது."

"அது சரியான நேரம்தானே காட்டியது?"

"காட்டுது டீச்சர். மூஞ்சியிலதான் காட்டுது." குடையைத் தேடாமலே வாசலுக்கு ஓடியவள், நின்று சின்னம்மாவின் தோளைப் பிடித்தாள். "அக்கா, லயத்துக்குப் போங்க. எம் புள்ளைங்க தனியா இருக்குதுங்க. எல்லாரையும் கூட்டிக்கிட்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க."

"சைரன் அடிக்கலையே?"

"அடிக்கும். நீங்க போங்க."

பள்ளிக்கூடப் பூட்டின் திறப்பைச் சின்னம்மாவிடம் கொடுத்துவிட்டு நானும் பின்னால் ஓடினேன்.

ஸ்டோரில் இருந்த அஸீஸ் நானாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல். பால் நிறுப்பது அவருடைய வேலை. சேறும் நீருமாக நாங்கள் நுழைந்ததைப் பார்த்து எழுந்து நின்றார். கிருஷ்ணகுமாரி அந்தப் பழைய கம்பியூட்டரின் கடிகாரத்தை அழுத்தினாள்.

"டைம் சரியாத்தானே ஈக்கி, புள்ள" என்றார் அவர். "அரை மணி கூடக் காட்டின நேரம் நான்தானே கையால சரியாக்கி வெச்ச. எத்தினையோ வருசம்."

சின்னப் பெட்டி ஒன்று திரையில் விரிந்தது. அதில் ஒரு வரியை அவள் விரலால் தொட்டாள். இலங்கை நேரம், உலக நேரத்தைவிட ஆறு மணித்தியாலம் முன்னே. இப்போது அது ஐந்தரைதான். யாரும் சொல்லாததால், இரண்டாயிரத்து ஆறில் நடந்த மாற்றம் இந்தக் கம்பியூட்டருக்குத் தெரியாது. வெளியே காட்டும் நேரத்தை அஸீஸ் நானா கையால் திருத்தியதால் யார் கண்ணுக்கும் பிழை தெரியவில்லை. சேர்வர் வந்து உலக நேரம் கேட்டால் மட்டும், ஆறைக் கழித்து அரை மணி குறைவாகச் சொல்லிக்கொண்டிருந்தது. முன்பு சேர்வர் வெளியே இணையத்தில் நேரம் கேட்டது. புது ரூட்டர் அந்த வழியை அடைத்ததும், பட்டியலில் அடுத்ததாக இருந்த இதனிடம் வந்துவிட்டது.

மாற்ற முயன்றாள். இதுவும் கடவுச்சொல் கேட்டது. குனிந்து பின்னால் உள்ள வயரைப் பிடித்தாள்.

"அய்யோ புள்ள, அத புடுங்க வாணாம்! நாலு மணிக்கு கொழும்புக்கு ரிப்போட் போகோணும். எனக்குத்தான் ஏச்சு விழும்."

"கிருஷ்ணகுமாரி புடுங்கினான்னு எழுதி வைங்க நானா." இழுத்தாள். வயர் கையோடு வந்தது.

கந்தோருக்குத் திரும்பி அவள் நேரத்தைத் திருத்தியபோது மூன்று மணிக்கு மூன்று நிமிடம் இருந்தது. தலைமுடியில் இருந்து விசைப்பலகையில் நீர் சொட்டியது. ஒரு நிமிடம். இரண்டு. மூன்று. நேரம் பின்னே போகவில்லை. தள்ளி வைக்கப்பட்டிருந்த கணக்குகள் ஒவ்வொன்றாக உள்ளே வரத் தொடங்கின. முப்பத்தொன்று ஐம்பத்தெட்டானது. எழுபத்தொன்பது. தொண்ணூற்றாறு. அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு பார்த்தாள். நூற்று நான்கு.

கூரையில் சைரன் அலறியது. சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டி அதிர்ந்தது.

உடனே தொலைபேசி. சின்னதுரை சிங்களத்தில் கேட்டது இந்த முறை எனக்கும் கேட்டது: "நம்பர் கீயத?" நம்பர் எத்தனை.

"எகசிய ஹதராய் சேர்" என்றாள். நூற்று நான்கு. "தாம நகினவா." இன்னும் ஏறுகிறது.

அவள் அங்கேயே இருந்தாள். நான் மட்டும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். சின்னம்மா கூப்பிட்டு ஆறு வீட்டுக்காரர்கள்தான் வந்திருந்தார்கள். மற்றவர்கள் சைரனுக்குப் பிறகு வந்தார்கள். பாய், மண்ணெண்ணெய் அடுப்பு, கோழிக்கூடை, ஒருவர் தோளில் தொலைக்காட்சிப் பெட்டி. ஐந்து மணிக்கு நான் பெயர் கூப்பிட்டுப் பார்த்தேன். இருபத்திரண்டு வீடும் இருந்தது. அதன் பிறகுதான் கிருஷ்ணகுமாரி வந்தாள். பிள்ளைகள் கரும்பலகைக்குக் கீழே உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். இரண்டு பேரின் சப்பாத்தையும் கழற்றிக் காலைத் துடைத்துவிட்டு, நனைந்த சப்பாத்துகளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு மண்மேடு இறங்கியது. கடைசி இரண்டு வீடுகளின் சமையல் குசினிகளும் தண்ணீர்க் குழாயும் மண்ணுக்குள் போயின. ஒரு குசினி சின்னம்மாவுடையது. அந்த நேரம் அவர் பள்ளிக்கூட முற்றத்தில் தேத்தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.

கொழும்பில் இருந்து வந்த பொறியியலாளர் அஸீஸ் நானாவின் கம்பியூட்டரைச் சரிசெய்ய இரண்டு நிமிடம்தான் எடுத்தார். ரூட்டரையும் திருத்தினார். பெரியதுரை அவளைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார். அஸீஸ் நானாதான் மனம் ஆறாமல் வந்து நின்றார். "நான் வெச்ச டைம்தானே புள்ள இவ்வளவும் செஞ்சீக்கி."

"நீங்க சரியாத்தான் வச்சீங்க நானா" என்றாள் அவள். "அதுனாலதான் ஒருத்தருக்கும் தெரியாமப் போச்சு."

நாலாம் நாள், பகலில் மட்டும் லயத்துக்குப் போய்ச் சாமான் எடுக்கலாம் என்றார்கள். பிள்ளைகளின் புத்தகங்களை எடுக்க வந்தவளோடு நானும் போனேன். மண் வாடை முகத்தில் அடித்தது. அவள் புத்தக அலுமாரிப் பக்கம் போகவில்லை. நேரே உள்ளே போய்ப் பின்சுவரில் உள்ளங்கையை விரித்து வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். கையை எடுத்து, ஈரம் ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டி வெளியே வந்து, அடுத்த வீட்டுக்குள் போய், அந்தச் சுவரிலும் கையை வைத்தாள்.