பன்னிரண்டு ஏ மாடியும் என் முதல் பைதானும்

அபார்ட்மென்ட் புகார் மேசையில் உட்காருகிறவர்களுக்கு நல்ல செய்தி வந்து நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக் குழாய் இன்று ஒழுங்காக இருக்கிறது என்று சொல்ல யாரும் மெனக்கெடுவதில்லை. பெங்களூரில் ஒரு பெரிய குடியிருப்பில் அந்த மேசை என்னுடையது. நாற்பதை நெருங்கும் வயதில் கணினிக்குக் கட்டளை எழுதும் பைதான் மொழியைக் கற்கக் கிளம்பி, திரையில் பிழை சொல்லும் சிவப்பு எழுத்தைக் கண்டு விழி பிதுங்கிய என் இனமே, இது உங்களுக்குத்தான்.

நாற்காலி ஆடிய நாள்

வீட்டுக்காரர்கள் போனில் புகாரைத் தட்டி அனுப்புவார்கள். நான் படித்துப் பார்த்து, குழாய் என்றால் பிளம்பருக்கும் பல்பு என்றால் எலக்ட்ரீஷியனுக்கும் தள்ளிவிடுவேன். ஒரு நாள் மேனேஜர் மஞ்சுநாத் சார் கூப்பிட்டார். இதைத் தானாகவே பிரித்து அனுப்பும் ஆப் ஒன்றை வாங்கலாமா என்று குடியிருப்போர் சங்கம் யோசிக்கிறதாம். அடுத்த கூட்டத்தில் முடிவாகிவிடுமாம்.

ஆப் வந்தால் எனக்கு இங்கே வேலை இல்லை என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. மேசையைப் பார்த்தே பேசினார். இந்த வேலை எனக்குப் பிடிக்கும். நான் இருக்கும் ஈஜிபுராவிலிருந்து ஒரே பஸ், சண்டைக்காரர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள். என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே தன் கன்னடம் கலந்த தமிழில் ஒரு வழி சொன்னார்.

"நோடி விஜயா, ஒங்க வேலைய நீங்களே மெஷினுக்குக் கத்துக் குடுங்க. அப்புறம் மெஷின மேய்க்கறது ஒங்க வேலை, அஷ்டே, அவ்ளோதான்."

அரை இஞ்சு

பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை பைதான் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். பாடத்தில் பாதி கீழேயிருந்து வரும் வாசனையிலேயே போய்விடும். பக்கத்து நாற்காலியில் நஸ்ரீன். வீட்டில் பிளவுஸ் தைப்பவர், தன் ஆர்டர்களை ஒழுங்குபடுத்த ஏதாவது செய்துகொள்ளலாம் என்று சேர்ந்திருந்தார்.

பைதானில் ஒரு கட்டளைக்கு உட்பட்ட வரிகள் எல்லாம் ஒரே அளவு உள்ளே தள்ளி நிற்க வேண்டும். என் வரி ஒன்று ஒரே ஓர் இடைவெளி கூடுதலாகத் தள்ளி நின்றிருக்கிறது. அதற்குப் போய் ஓடவே மாட்டேன் என்றது கணினி. டீ ஆறிப்போகும்வரை இரண்டு பேரும் திரையில் மூக்கை வைத்துத் தேடினோம். கடைசியில் நஸ்ரீன்தான் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த சந்தோஷம் அவர் முகத்தில் துளியும் இல்லை.

"அரை இஞ்சு தள்ளித் தெச்ச பிளவுஸக் கூட ஊக்கு குத்திப் போட்டுக்கலாம் அக்கா. இது ரொம்ப தக்லீஃப், பெரிய தொல்லை."

கேட்காமல் வந்த லாரி

நான் எழுதிய முதல் புரோகிராம், அதாவது நிரல், ஓடியது. கோடையில் எங்கள் குடியிருப்பில் தண்ணீரைப் பற்றி யார் எழுதினாலும் தண்ணீர் வரவில்லை என்றுதான் எழுதுவார்கள். ஆகவே தண்ணீர், நீரு, வாட்டர், இந்த மூன்றில் எது கண்ணில் பட்டாலும் தண்ணீர் டேங்கர் லாரிக்காரருக்குச் செய்தி போகும்படி எழுதினேன். மூன்று மொழி தெரிந்த நிரல் என்று எனக்கு ஒரே பெருமை.

சி பிளாக் ரேவதி வீட்டில் பாத்ரூம் குழாய் வெடித்து, வீடெல்லாம் தண்ணீர் என்று அவர் எழுதியிருந்தார். நிரல் தன் கடமையைச் செய்தது. எனக்குப் போன் வந்தபோது பின்னணியில் அவர் மாமியார் வாளியால் முகந்து ஊற்றும் சத்தம் கேட்டது.

"வீட்டுக்குள்ள கொளம் வெட்டாத கொறை. இதுல லாரிக்காரர் வந்து எங்க ஊத்தணும்னு கேக்கறாரு. என்னன்னு சொல்லட்டும்?"

நடுவில் ஒரு மாடி

அதைச் சரிசெய்த கையோடு நிரல் அடிக்கடி நடுவில் நின்றுபோக ஆரம்பித்தது. சிவப்பு எழுத்து ஏதோ சொன்னது. அதைப் படிக்கிற பழக்கம் நமக்கு ஏது? இணையத்தில் தேடி இரண்டு வரி எடுத்து ஒட்டினேன். பிழை வந்தால் கண்டுகொள்ளாதே, அடுத்த புகாருக்குப் போ என்பது அதன் பொருள். சிவப்பு மறைந்தது. புகாரும் குறைந்தது. மஞ்சுநாத் சார் போகிற வருகிறவர்களிடமெல்லாம் என்னைப் பாராட்டினார். நானும் உச்சி குளிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் கட்டடத்தில் பதின்மூன்றாம் மாடி கிடையாது. அந்த எண் ராசியில்லை என்று கட்டியவர்கள் பன்னிரண்டுக்கு மேலே பன்னிரண்டு ஏ என்று எழுதி, அதற்கு மேல் பதினான்கு போட்டிருக்கிறார்கள். வீட்டு எண் என்றால் வெறும் எண்தானே என்று நான் எழுதியிருந்தேன். நடுவில் அந்த 'ஏ' வந்ததும் நிரல் திணறியிருக்கிறது. நான் ஒட்டிய இரண்டு வரி அந்த மாடிப் புகார் அத்தனையையும் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கிறது. கூட்டத்துக்கு முந்தைய நாள் அந்த மாடியிலிருந்து ஒருவர் நேரிலேயே இறங்கி வந்தார். சங்கச் செயலாளர் சந்திரா மேடம். அவர் வீட்டுச் சமையலறையில் வாரக்கணக்காக விளக்கு இல்லை.

"பன்னெண்டுக்கும் பதினாலுக்கும் நடுவுல நாங்களும் குடித்தனம் பண்றோம்மா. ஒன் மெஷின்கிட்ட சொல்லி வை."

கூட்டம்

போச்சு, வேலை போச்சு என்று நினைத்தேன். அன்றே எலக்ட்ரீஷியனைக் கையோடு அழைத்துப் போய் விளக்கைப் போட்டுவிட்டு, ஒட்டிய இரண்டு வரியைப் பிடுங்கி எறிந்தேன். புரியாத புகார் எதுவானாலும் என் மேசைக்கே வரட்டும் என்று மாற்றி எழுதினேன்.

கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஆப்பின் பெருமைகளை ஒருவர் படம் போட்டுக் காட்டினார். எங்கள் மாடி எண்களை அதில் மாற்ற முடியுமா என்று சந்திரா மேடம் கேட்டார். கம்பெனிக்கு எழுதிப் போட்டுப் பதில் வர வேண்டும் என்றார் படம் காட்டியவர். அடுத்து மேடம் என்னை மாட்டிவிடப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். சந்திரா மேடம் எழுந்து நின்றார்.

"விஜயா பண்ணது தப்புதான். ஆனா லிஃப்ட்ல எறங்கி வந்து நேரா திட்டினேன், அன்னைக்கே சரி பண்ணிட்டா. அந்த ஆப்ப நான் எங்க போய்த் திட்டறது?"

ஆப் வேண்டாம் என்று முடிவானது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஆக, நிரல் எழுதக் கற்றதில் நான் கண்ட பலன் இதுதான்: இப்போதெல்லாம் புகாரே வராத நாளில், நிரல் எதையாவது விழுங்கிவிட்டதா என்று நானே லிஃப்டில் ஏறிப் போய்ப் பன்னிரண்டு ஏ மாடிக் கதவுகளைத் தட்டிக் கேட்கிறேன்.