மொட்டைக் கடுதாசி அல்ல

1. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் தண்ணீர் இல்லையென்று, தோட்டக் குறைகளைப் பேசும் எங்கள் இணைய மன்றத்திலிருந்து வந்த மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்பினார்.

2. அவர் பெயர், லய எண், தொலைபேசி எண், கூடவே பழைய பதில்கள் அத்தனையும் அதன் அடியில் ஒட்டிக்கொண்டு மன்றத்தில் வெளியாகின.

3. மன்றத்தைப் பராமரிக்கும் நான், தோட்ட நிர்வாகம் அவரைப் பழிவாங்கும் என்று பயந்து, புகாரை மட்டும் விட்டு மற்ற எல்லாவற்றையும் நீக்கினேன்.

4. மறுவாரம் பண்டாரவளையில் நான் நடத்தும் கணினி வகுப்புக்கே ஆயா வந்துவிட்டார்.

நெடிய உருவம். பேசும்போது உட்காரவே மாட்டார்; நான் தந்த நாற்காலியில் ஈரக்குடையை வைத்தார்.

“என் பேரை ஏங்க எடுத்தீங்க?”

“தோட்டத்துத் தொரை பார்த்தா உங்க வேலை போயிரும்க்கா.”

“தொரை பார்க்கணும்னுதானே எழுதுனேன்! பேரில்லாட்டி மொட்டைக் கடுதாசின்னு தள்ளிருவாரு. அடியில கெடக்குற குப்பையக் கூட்டுங்க. அதோட என்னையும் சேர்த்துக் கூட்டாதீங்க.”

“போன் நம்பர்?”

“ஐயோ, அது வேணாம். கண்டவனும் கூப்பிட்டுக் கதை பேசுவான்!”

பெயரையும் லய எண்ணையும் திரும்பப் போட்டேன். திரையில் பார்த்த பிறகுதான் குடையை எடுத்தார்.

தண்ணீர் இன்னும் வரவில்லை. அவர் வேலையில் இருக்கிறார், பெயர் மன்றத்தில் இருக்கிறது. நான் மட்டும் அங்கே இன்றும் என் பெயரைப் போடாமல் ‘நிர்வாகி’ என்றே எழுதுகிறேன்.