கோமதியின் சீலையில் ஒரு கறை

என் மகன் குகன் பிறந்த அன்று, அவனைத் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸ் பாதியில் பேச்சை நிறுத்தினார். குழந்தைக்கு மலவாய் இல்லை. இருக்க வேண்டிய இடத்தைத் தோல் மூடியிருந்தது. கண், மூக்கு, விரல் எல்லாம் சரியாக இருந்த பிள்ளைக்கு அந்த ஒன்று மட்டும் இல்லை. அவசரமாக வயிற்றில் துளை போட்டு, குடலை அங்கே கொண்டுவந்து, மலம் சேர ஒரு பையை ஒட்டினார்கள். முருகனடியார்களே, நான் அழக்கூட இல்லை. கோமதியை நினைத்து எரிந்தேன்.

கோமதி என் கொழுந்தனின் மனைவி. டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் ஒரே வீட்டில் இருக்கிறோம். எனக்குச் சில வாரங்கள் முன்னால் அவளுக்குப் பெண் பிறந்திருந்தாள். அந்தக் குழந்தை வேளாவேளைக்குத் துணியை அழுக்காக்கும். "திரும்பவும் போயிட்டாளே" என்று கோமதி சலித்துக்கொள்வாள். என் பிள்ளையின் பையை மாற்றிக்கொண்டே நான் அதைக் கேட்பேன். பால்கனிக் கொடியில் காயும் அந்தச் சின்னத் துணிகளைப் பார்த்தாலே வயிறு பற்றிக்கொண்டு வரும். மற்றவர்கள் நகையைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். நான் பீத்துணியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

இது போதாதென்று திருநெல்வேலியிலிருந்து மாமியாரின் போன். "கிரகணத்தன்னைக்கு நீ பால்கனில நின்னேல்லா? கோமதியப் பாரு, கதவைச் சாத்திட்டு உள்ளயே கெடந்தா." உண்மைதான். காய்ந்த துணியை எடுக்கப் போயிருந்தேன். என் பிள்ளையின் குறைக்கு நான் காரணம், அவள் பிள்ளையின் நிறைவுக்கு அவள் சமர்த்து காரணம் என்று மனதில் ஊறிப்போனது.

ஒருநாள் இதை டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பொறுமையாக ஹிந்தியில் விளக்கினார். கரு உருவாகும் தொடக்கத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சிறுநீருக்கும் மலத்துக்கும் பொதுவாக ஒரே அறைதானாம். இரண்டாம் மாதத்தில் நடுவே ஒரு சுவர் இறங்கி, முன்பக்கம் மூத்திரப்பை, பின்பக்கம் மலக்குடல் என்று பிரிக்குமாம். அடியிலுள்ள மெல்லிய சவ்வு விலகி வாசல் திறக்குமாம். குகனுக்கு அந்த வேலை முழுதாக முடியவில்லை. "கிரகணம் எப்போது வந்தது?" என்று கேட்டார். ஏழாம் மாதம் என்றேன். "அதற்கு வெகுநாள் முன்பே எல்லாம் நடந்து முடிந்திருக்கும், மகளே" என்றார்.

பாரம் இறங்கியது. பொறாமை இறங்கவில்லை. நானும் தப்புச் செய்யவில்லை, அவளும் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை என்றால், சுவரும் வாசலும் அவள் பிள்ளைக்கு மட்டும் ஏன் ஒழுங்காக அமைய வேண்டும்? இங்கே மலை மந்திர் என்று சொல்லும் முருகன் கோயிலுக்குப் போனேன். நல்ல வார்த்தை எதுவும் வரவில்லை. "அவ பிள்ளைக்குக் குடுத்ததை எம்பிள்ளைக்கும் குடு" என்றுதான் வந்தது.

சில மாதங்கள் கழித்து ஆபரேஷன் செய்து புதிய வாசல் அமைத்தார்கள். அது ஆறியபின் வயிற்றுத் துளையை மூடினார்கள். இனி அவனாகவே போக வேண்டும். போகவில்லை. வயிறு உப்பிக்கொண்டே வந்தது. மறுபடியும் பை வைக்க வேண்டியிருக்கலாம் என்று பேச்சு எழுந்தது.

அன்று தைக் கிருத்திகை. கோமதி தன் பெண்ணைக் கொழுந்தனிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். "நீங்க கோயிலுக்குப் போயிட்டு வாங்கக்கா. நான் பாத்துக்கிடுதேன்." அவள் மடியில் என் பிள்ளையை விட எனக்கு மனமே இல்லை. ஆனாலும் போனேன். சன்னதியில் பழைய வார்த்தைகளையே மறுபடியும் சொன்னேன்.

விபூதியோடு திரும்பியபோது குகன் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். கோமதி நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மடியெல்லாம் மஞ்சள் கறை.

"பிள்ளை வெளிக்கி இருந்துட்டான்க்கா. அவனைத் தொடச்சிட்டேன். நீங்க கண்ணால பாக்கணும்லா, அதான் சீலைய மாத்தாம இருக்கேன்."

முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நான் கேட்டதை முருகன் இவள் மடியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டானே என்றுதான். அப்புறம்தான் அழுகை வந்தது. அந்தச் சீலையை அவளைத் துவைக்க விடவில்லை. நானே துவைத்து, எங்கள் பால்கனிக் கொடியில் காயப்போட்டேன்.

குகன் இப்போது தத்தித் தத்தி நடக்கிறான். பொறாமை அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கோமதியின் பெண் முதலில் பேசத் தொடங்கியபோது சுருக்கென்றது. ஆனால் இப்போதெல்லாம் அதை அவளிடமே சொல்லிவிடுகிறேன். அவள் சிரிக்கிறாள்.

மனம் சுத்தமாகட்டும், பிறகு வேண்டிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். எரிச்சலோடு இருந்தால் எரிச்சலோடே போய் நில்லுங்கள். நான் அப்படித்தான் நின்றேன். முருகன் முகம் சுளிக்கவில்லை.