இருபதாவது வளைவுக்குப் பிறகு

ஷஹீதாவுக்கு மலை இறங்குவதே பிடிக்காது. கல்யாணமாகிச் சேலத்திலிருந்து ஏற்காடு வந்த பத்தொன்பது வருஷத்தில், நல்லது கெட்டதுக்கு மட்டும்தான் இறங்கியிருக்கிறாள். அதனால் 1988ஆம் வருஷம் ஆவணியில் ஒரு சனிக்கிழமை, மகள் ரபியாவோடு அவளும் பஸ் ஏறக் கிளம்பியபோது கணவர் ஜாபர் அலிக்கு ஆச்சரியமாக இருந்தது.

ரபியா பிளஸ் டூ படித்தாள். ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பகுதிக் கடைக்காரர்களுக்குள் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைகளின் மார்க்கை அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு மேலே மாட்டிவிடுவார்கள். சர்க்கரை வாங்க வருகிறவர் அதைப் படித்துவிட்டு எதிர்க் கடையில் போய்ச் சொல்வார். எதிரே செருப்புக் கடை சின்னசாமி தன் மகன் மார்க்கைச் சிவப்பு மையில் எழுதினார். மளிகைக் கடை ஜாபர் அலி அதைவிடப் பெரிய அட்டையாக வாங்கினார். இரண்டு பிள்ளைகளும் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. சின்னசாமி மகன் சேலத்தில் அத்தை வீட்டில் தங்கிவிட்டான். ரபியா சனி ஞாயிறுகளில் பஸ்ஸில் டியூஷன் போய் வந்தாள். அங்கே வாராவாரம் பரீட்சை. யார் எந்த பெஞ்சு என்பது மார்க்கைப் பொறுத்தது.

முதல் மாதத்திலிருந்தே அவள் பஸ்ஸில் வாந்தி எடுத்தாள். இருபது கொண்டை ஊசி வளைவு, யாருக்குத்தான் குமட்டாது என்றார்கள். ஷஹீதா எலுமிச்சம்பழம் கொடுத்துப் பார்த்தாள், வெறும் வயிற்றோடு அனுப்பிப் பார்த்தாள், முன் சீட்டுக்குச் சொல்லி வைத்தாள். பெண் மெலிந்துகொண்டே போனது. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை கண்டக்டர் ஆறுமுகம் டிக்கெட்டைக் கிழித்தபடி, "ஏனுங்கம்மா, மலையில பொறந்த புள்ளைக்கே மலை ஒத்துக்கலீங்களே, நீங்க தாங்குவீங்களா?" என்று கேட்டார்.

தாங்கவில்லை. எட்டாவது வளைவிலேயே ஷஹீதாவுக்குத் தலை சுற்றியது. ரபியாதான் அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டு, அமைதியாக வெளியே பார்த்தபடி வந்தாள். இருபது வளைவும் முடிந்தது. அடிவாரம் தாண்டி, சமமான நேர் ரோட்டில் பஸ் சீராக ஓடத் தொடங்கிய பிறகுதான், பெண் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள்.

ஷஹீதா தன் மயக்கத்தை மறந்துவிட்டு ரோட்டைப் பார்த்தாள். ஒரு வளைவுகூட இல்லை.

சேலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் டியூஷனுக்கு அழைத்துப் போகாமல் டீக்கடை பெஞ்சில் உட்கார்த்தி வைத்தாள். திரும்பி வரும்போது வாந்தி வருமா என்று கேட்டாள். வராது என்றாள் ரபியா. தூக்கமில்லை, படித்தது பரீட்சையில் மறந்துபோகிறது, முதல் பெஞ்சிலிருந்து நாலாவது பெஞ்சுக்கு வந்தாகிவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். டீயைக் குடிக்கவில்லை.

"பஸ்ஸு கவுந்துட்டா டியூஷன் போக வேண்டாமேன்னு தோணுதும்மா. தெனமும் தோணுது."

ஷஹீதா டீ கிளாஸை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். "ஊட்டுக்குப் போலாம் கண்ணு," என்றாள். ஆனால் வீட்டுக்குப் போகும் முன் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்த லேடி டாக்டர் அவசரப்படாமல் கேட்டார். இது மனசு களைத்துப்போனதால் வருவது, தனியாக விடாதீர்கள், வாராவாரம் கூட்டி வாருங்கள் என்றார்.

ஜாபர் அலி முதலில் நம்பவில்லை. படிப்புக்குப் பயந்துகொண்டு நடிக்கிறதா என்றார். இன்னும் ஆறு மாதம்தானே என்றார். சின்னசாமி மகன் போகிறானே என்றும் கேட்டார்.

"அவன் போகட்டுங்க. எம்புள்ள செத்துப்போலாமான்னு யோசிக்குது. உங்களுக்கு டாக்டரு வேணுமா, புள்ள வேணுமா?"

அவர் கடைக்குப் போய்விட்டார். அந்த வாரம் சாப்பிட உட்காரும்போதெல்லாம் மகளின் தட்டை ஒரு தடவை பார்ப்பார். ஷஹீதா பெண்ணைப் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டாள். பாடப் புத்தகத்தை எடுக்கவும் சொல்லவில்லை, வைக்கவும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை மழை. கடைக்கு மேலேயே வீடு என்பதால் கீழே பேசுவது கேட்கும். சின்னசாமி கடைப் படியேறி வந்து, "என்னங்க பாய், இன்னிக்கு உங்க டாக்டரம்மா பஸ் ஏறலையா? எம்மவன் இந்த வாரம் ரெண்டாவதுங்க," என்றார்.

ஷஹீதா காது கொடுத்து நின்றாள். காய்ச்சல் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தாள்.

"இனிமே போகாதுங்க," என்றார் ஜாபர் அலி. "அதுக்கு நொம்ப முடியல. இப்பத்தான் தூங்குது, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."